கெசையாவைக் கேட்டு யாரும் வரவில்லை

இந்த வேலையை டோரீன் தலையில் கட்டியது அவளுடைய அண்ணன் வில்ஃப்தான். ஆல்டர்பி மெதடிஸ்ட் தேவாலயத்தை விற்றுவிட்டார்கள்; அடுத்த வருஷம் அதில் வீடுகள் கட்டப்போகிறார்கள். நவம்பரில் நடக்கும் கடைசி ஆராதனையில் பழைய குடும்பத்தார் தங்கள் முன்னோரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கலாம் என்று போதகர் சொல்லியிருந்தார். அஸ்திவாரக் கல்லில் முதல் பெயரே ஏமஸ் லெகட். இவர்கள் இருவருக்கும் கொள்ளுத்தாத்தா. வில்ஃப் விடுவானா?

"எனக்கு மாடிப்படி ஏறவே மூச்சு முட்டுது. நீதான் சும்மா இருக்க. லிங்கன் டவுனுக்குப் போய் ஆவணக் காப்பகத்துல பாத்துட்டு வா. எப்பப் பொறந்தாரு, அப்பா அம்மா யாரு, அவ்வளவுதான். ராஜா வம்சம்னு கண்டுபிடிக்கச் சொல்லல."

"சொல்ல மாட்ட. ஆனா அப்படி இருந்தா வேண்டாம்னும் சொல்ல மாட்ட" என்றாள் டோரீன்.

பள்ளிக்கூடச் சமையலறையில் வெந்து தணிந்து ஓய்வு பெற்றவள் அவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வில்ஃப் சர்க்கரை ஆலையில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு, மனைவி இறந்தபின் ஒரு ஆக்ஸிஜன் உருளையோடு தனியாக இருந்தான். அவர்கள் அப்பா எப்போதும் ஏமஸைத்தான் உதாரணம் காட்டுவார். வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறையை ஒற்றை ஆளாய் உண்டாக்கியவர், யாரிடமும் கை நீட்டாதவர் என்று.

காப்பகத்து மேஜைக்குப் பின்னால் மேவிஸ் என்றொருத்தி இருந்தாள். "குடும்பத்துல யாரையாவது தூக்குல போட்டாங்களா கண்ணு?" என்றாள். "இங்க வர்றவங்க எல்லாம் அதைத்தான் ஆசையா தேடுறாங்க."

"எங்களுது அவ்வளவு சுவாரசியமான குடும்பம் இல்லம்மா."

முதலில் கிடைத்தது ஞானஸ்நானப் பதிவு. ஏமஸின் தாய் கெசையா லெகட், மணமாகாதவள். தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. டோரீன் பெரிதாக அதிர்ந்துவிடவில்லை. வில்ஃபின் முகம் போகும் போக்கை நினைத்துச் சிரித்துக்கொண்டாள். பிறகு 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் படச்சுருளைப் பார்க்கும் கருவியில் பொருத்தினாள். சர்ச் லேனில் ஏமஸ் இருந்தார். பட்டறை முதலாளி, மனைவி, மூன்று குழந்தைகள், வீட்டு வேலைக்கு ஒரு பெண். அப்பா சொன்னதெல்லாம் சரிதான். அதோடு அவள் எழுந்து போயிருக்கலாம்.

ஆனால் கருவியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போனாள். ஊர்க்கோடியில் மேட்டின் மேல் இருந்த ஏழை விடுதியின் பக்கங்கள் வந்தன. போக்கிடம் இல்லாதவர்களை உள்ளே தள்ளி, ஆண் பெண் பிள்ளை என்று தனித்தனியாகப் பிரித்து, கல்லுடைக்க வைத்தும் துணி வெளுக்க வைத்தும் கஞ்சி ஊற்றிய இடம். அங்கே அவள் பெயர் இருந்தது. கெசையா லெகட், மணமாகாதவள், ஐம்பத்தொன்பது வயது, முன்பு சலவைக்காரி. மகன் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டோரீன் விடுதியின் மரணப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினாள். மூன்று வருஷம் தள்ளி அவளைப் பற்றிய வரி கிடைத்தது. நெஞ்சுச் சளியில் இறந்தாள் என்று இருந்தது. சர்ச் லேன் ஏமஸ் லெகட்டுக்கு, மகன் என்று குறிப்பிட்டு, ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். யாரும் கேட்டு வரவில்லை. கடைசிக் கட்டத்தில் வேறு மையில் எழுதியிருந்தது: உடல் ரயிலில் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.

டோரீன் மேவிஸைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டினாள். "கல்லூரிக்கு எதுக்கு?"

மேவிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அவளுடைய கேலியெல்லாம் போய்விட்டது. "மாணவங்க அறுத்துப் படிக்க. கேக்க ஆளில்லாதவங்களை அப்படித்தான் அனுப்பினாங்க. சட்டமே இருந்துச்சு. டீ கொண்டுவரட்டுமா?"

டோரீன் வேண்டாம் என்றாள்.

அன்று சாயங்காலமே வில்ஃப் வீட்டுக்குப் போனாள். சொல்லி முடிக்கும்வரை அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு லெகட்" என்றான்.

"சர்ச் லேன்ல வண்டிப் பட்டறை வச்சிருந்த ஏமஸ் லெகட் எத்தனை பேரு?"

"உன்னைப் பொறந்த வருஷம் பாத்துட்டு வரச் சொன்னேன். நீ குப்பையைக் கிளறிட்டு வந்திருக்க."

"அவ குப்பையா வில்ஃப்?"

"அப்பா அந்த மனுஷன் படத்தைக் கட்டிலுக்கு மேல மாட்டி வச்சிருந்தாரு. அவரு சொந்த அம்மாவைக் கூறுபோட விட்டாருன்னு நான் எந்திரிச்சு நின்னு வாசிக்கணுமா? ஊரே உக்காந்து கேக்கணுமா? போடி. வீட்டுக்குப் போ."

இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுக்கப் போன கையைத் தட்டிவிட்டான். டோரீன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மூன்று வாரம் இருவரும் பேசவில்லை. வீட்டு வரவேற்பறையில் பட்டுக் கழுத்துப்பட்டியோடு உட்கார்ந்திருந்த ஏமஸின் புகைப்படம் ஒன்று அவளிடமும் இருந்தது. அதை எடுத்து இழுப்பறையில் குப்புறப் போட்டாள்.

ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் பேருந்து ஏறுவதை அவளால் நிறுத்த முடியவில்லை. அந்த மனிதனுக்கு அப்படி என்ன கல் நெஞ்சு என்று தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. 1851 கணக்கெடுப்புக்கு யாரோ குடும்பப் பெயர்வாரியாக ஒரு சிறு புத்தகம் தொகுத்து வைத்திருந்தார்கள். அதில் லெகட்டுகளை ஒவ்வொருவராய்ப் பார்த்துக்கொண்டு வந்தபோது ஏமஸ் அகப்பட்டார். அதே மேட்டு விடுதியில். வயது ஆறு. அருகில் தாயின் பெயர் இல்லை.

விடுதியின் சேர்க்கைப் பதிவேட்டை மேவிஸ் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். குழந்தை அங்கேயேதான் பிறந்திருந்தது. கெசையா அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள், குளிர் வந்ததும் திரும்பியிருக்கிறாள். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. அறுவடைக்குப் போவாள், வேலை முடிந்தால் வாசலில் வந்து நிற்பாள். ஒருமுறை பையனின் கால் பனியில் வெடித்திருந்ததாகக் குறிப்பு. அவனுக்கு ஐந்து வயதானபோது அவள் தனியாக வெளியே போயிருக்கிறாள். அதன்பின் அவளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பையன் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல்: கைவிடப்பட்டவன்.

அதே சிறு புத்தகத்தில் கெசையாவும் இருந்தாள். ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில், மனைவியை இழந்த ஒரு படகோட்டியின் வீட்டில், வீட்டுவேலைக்காரியாக. அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள். ஒன்றும் அவள் பெற்றதில்லை.

டோரீன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். அவ்வளவு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளுக்குப் பரிமாறிய கை. அந்த நான்கு பிள்ளைகளுக்கும் கெசையா என்ன மனதோடு சோறு போட்டிருப்பாள் என்று யோசித்துப் பார்த்தாள். யோசனை எங்கும் போய்ச் சேரவில்லை.

இந்த முறை வில்ஃப் அவளைத் துரத்தவில்லை. அவள் எழுதி எடுத்துவந்த தாள்களை வாங்கித் தானே படித்தான். படித்து முடித்ததும் நாற்காலியின் கையில் ஓங்கித் தட்டினான்.

"பாத்தியா! விட்டுட்டுப் போனவ அவ. அஞ்சு வயசுப் புள்ளைய. அப்புறம் இவரு ஏன் போகணும்?"

"அந்தப் படகுக்காரன் புள்ளையோட வராதேன்னு சொல்லியிருப்பான். உள்ள இருந்தா ரெண்டு பேருக்கும் கஞ்சி, வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் பட்டினி. அவ என்ன பண்ணுவா?"

"அது உனக்கும் எனக்கும் இப்பப் புரியும். கால் வெடிச்சுக் கிடந்த பையனுக்கு யாருடி சொன்னா?"

டோரீன் சொன்னாள்: "உசிரோட இருக்கும்போது பாக்க வேண்டாம், சரி. செத்ததுக்கு அப்புறம் ஒரு வண்டி அனுப்பியிருக்கலாமே வில்ஃப். வண்டி செய்யறவரு."

வில்ஃப் சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அது இருமலாகி, பிறகு வேறு ஏதோவாகி, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டோரீன் எழுந்து போய்க் கெட்டிலை வைத்தாள். டீயோடு திரும்பியபோது அவன் தாள்களை அடுக்கி மடியில் வைத்திருந்தான்.

"எழுது" என்றான். "ரெண்டு பேரையும் எழுது. ஒருத்தரை மட்டும் எழுதினா நான் வாசிக்க மாட்டேன்."

நவம்பர் ஞாயிறு தேவாலயம் நிறைந்திருந்தது. மற்றவர்கள் பாடகர் குழு, ஞாயிறு பள்ளிச் சுற்றுலா, போரில் போன மாமன்மார் என்று வாசித்தார்கள். வில்ஃப் உருளையை இழுத்துக்கொண்டு முன்னே போய், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி வாசித்தான். ரயில் என்ற சொல்லுக்கு வந்ததும் அதற்குமேல் அவனால் முடியவில்லை. டோரீன் எழுந்து போய், தாளை வாங்கி மிச்சத்தைப் படித்தாள். போதகர் அவசரமாக அடுத்த பாட்டை அறிவித்தார்.

கூடத்தில் தேநீர் வேளையில் சித்தப்பா மகள் நோரா தட்டோடு நேரே வந்தாள். அவளும் ஏமஸின் கொள்ளுப்பேத்தி. அவள் வீட்டிலும் அந்தப் படம் இருந்தது.

"சந்தோஷமா? செத்துப்போன பொம்பளையத் தோண்டி எடுத்து, ஊர் பாக்க மேஜை மேல வச்சிட்டீங்க."

"மேஜை மேல வச்சது நாங்க இல்ல நோரா" என்றான் வில்ஃப்.

அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வருஷம் அவளிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து வரவில்லை. ஜனவரியில் வில்ஃப் இறந்தான். நோரா அடக்கத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் நின்றாள். டோரீனோடு பேசாமல் போனாள்.

வசந்தத்தில் டோரீன் அந்தக் கல்லூரி ஊருக்கு ரயிலேறினாள். அறுத்து முடித்த உடல்களை நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் புதைப்பார்கள் என்று தெரிந்துகொண்டிருந்தாள். அலுவலகத்தில் இருந்தவர் அவளுக்காக நிஜமாகவே தேடினார். கெசையாவின் பெயர் இருந்தது. குழியின் இடம் குறிக்கப்படவில்லை.

"அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கணும்மா. பாதி ரோட்டுக்குப் போயிடுச்சு. ரோட்டை அகலப்படுத்தினாங்க."

அவர் காட்டிய பக்கம் புல்லாக இருந்தது. வேலிக்கு அப்பால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. வாங்கி வந்த டாஃபடில் பூக்களை எந்த இடத்தில் வைப்பதென்று தெரியாமல் டோரீன் ஈரப்புல்லில் கொஞ்ச தூரம் நடந்தாள்; பிறகு வேலியோரமாக வைத்தாள். தூறல் பிடித்தது. பின்மதிய ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தாலும் ஸ்டேஷனுக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.