ஐந்து அங்குலப் பாதம்

ஷார்ஜா ரோலாவில் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த தாரிணிக்கு இருபத்திரண்டு வயதாகியும், காலடித்தடம் மட்டும் இரண்டு வயதுக் குழந்தையுடையதாகவே விழுந்தது. கால் ஒழுங்காகத்தான் வளர்ந்தது. முப்பத்தெட்டாம் நம்பர் செருப்பு போட்டாள். ஆனால் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தால் தரையில் ஐந்து அங்குலத் தடம்தான். புதிதாக வரும் ஒவ்வொரு வாட்ச்மேனும் இந்த வீட்டில் சொல்லாமல் ஒரு குழந்தையை வைத்திருக்கிறார்கள் என்று புகார் செய்வான். ஆறு மாதத்தில் பழகிவிடும்.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பா மணிமாறன் என்பது அம்மா அருணாவின் கட்சி. இரண்டு வயதுக் குழந்தையோடு ஷார்ஜாவில் வந்திறங்கிய அன்று விசா பாரத்தில் ‘முதல் பெயர்’ என்று கேட்டிருந்தது. இனிஷியல்தானே முதலில் வரும் என்று மகளுடைய பாரத்திலும் அவர் தன் பெயரையே எழுதினார். கணினிப்படி அன்று இரண்டு மணிமாறன்கள் இறங்கினார்கள். தாரிணி என்று யாரும் வரவேயில்லை. அவளுக்கு எட்டு வயதானபோது, ஒரே ஆளுக்கு இரண்டு விசா எதற்கு என்று கணினி ஒன்றை ரத்து செய்தது. ரத்தானது அவளுடையது. “பெத்த பொண்ணுக்குத் தன் பேரையே வெச்ச மகராசன்” என்று அருணா பதினான்கு வருஷம் சொல்லிக்காட்டினாள். அந்தப் பதினான்கு வருஷமும் சோதனைக்குப் பயந்து தாரிணி துபாய் பஸ் ஏறியதில்லை, கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இருந்தும் கோகுலாஷ்டமிக்கு அவள்தான் ராணி. ஊரெல்லாம் கைமுஷ்டியை மாவில் தோய்த்துக் கிருஷ்ணன் பாதம் வைக்கும். இந்தக் கட்டிடத்தில் தாரிணியைக் கூப்பிடுவார்கள். அரிசிமாவுக் கரைசலில் காலை நனைத்து வீடு வீடாக நடந்து வருவாள். அதில் சேரும் சீடையும் முறுக்கும் ஒரு வாரத்துக்கு வரும்.

பிறகு பொதுமன்னிப்பு வந்தது. குழந்தையாக அழைத்து வரப்பட்டு விசா போனவர்கள் வெளியேற வேண்டாம், ஆனால் குழந்தையாக வந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். இல்லாவிட்டால் அப்பா அம்மாவை இங்கே விட்டுவிட்டு, ஒருவரையும் தெரியாத ஊருக்கு அவள் தனியாக விமானம் ஏற வேண்டும். டைப்பிங் சென்டர் அஹ்சன் விண்ணப்பத்தை அரபியில் அழகாக அடித்துக்கொடுத்து, “ப்ரூஃப் மாஃபி, பாய்”, அத்தாட்சி இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் கோகுலாஷ்டமியாக அமைந்தது. பதினாறு வீடு நடந்த காலைக் கழுவக்கூட நேரமில்லாமல் அப்பாவும் மகளும் ஓடினார்கள். விசா அலுவலக வாசலில் மணிமாறன் கோயிலுக்கு வந்தவர் மாதிரி, “செருப்பக் கழட்டிடும்மா” என்றார். அங்கே யாரும் கழற்றுவதில்லை. செருப்புக்குள் வியர்வையில் மாவு மறுபடி குழைந்திருந்தது. கறுப்புத் தரையில் வாசலிலிருந்து கவுண்டர் வரை குட்டிக் குட்டி வெள்ளைப் பாதங்கள் வந்து நின்றன.

அதிகாரி மூசா எட்டிப் பார்த்தார். “பச்சா கிதர்?”

குழந்தை எங்கே என்றதும் மணிமாறன் முந்திக்கொண்டு, “பச்சா மாஃபி, சார்” என்று காரியத்தையே கெடுக்கப் பார்த்தார்.

“நான்தான் அந்தக் குழந்தை” என்றாள் தாரிணி, அரபியில்.

மூசா ஐந்து பிள்ளை பெற்றவர். ஸ்கேலை எடுத்துக் குனிந்து அளந்தார். ‘வயது இரண்டு’ என்று எழுதி, முத்திரை மையில் அவள் காலைத் தோய்த்து விண்ணப்பத்தின் அடியில் பதியச் சொன்னார். “கலாஸ்”, முடிந்தது என்றார். பெயர்க் கட்டத்தை இம்முறை தாரிணியே நிரப்பினாள். மணிமாறன் தரையில் உட்கார்ந்து சந்தோஷம் தாங்காமல் அழுதார்.

விசா வந்த நாளிலிருந்து தடம் வளரத் தொடங்கியது. அடுத்த வருஷம் புது வாட்ச்மேன் வராந்தாவில் ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு, குழந்தைக்கு மூன்று வயது முடிந்திருக்குமே, இன்னும் பள்ளிக்கு அனுப்பவில்லையா என்று அருணாவிடம் கேட்டான். காலையிலேயே துபாய் பஸ்ஸில் காலேஜுக்குப் போய்விட்டது என்றாள் அருணா. அவனும் சரி என்று தலையாட்டிவிட்டு லிஃப்டைத் துடைக்கப் போனான்.