விற்கும் முன் ஒரு கோட்டு பெயிண்ட்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை என்னுடையது. பெயிண்ட் வேலையை மட்டும் இன்னொருத்தர் கையில் கொடுக்க மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. போன மாதம் என் மூக்கை உடைத்ததும் அந்தக் கர்வம்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா குழு தன் பழைய வேனை உடைக்கக் கொடுத்தது. பின்சீட்டுக்கு அடியில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கிடந்தது. எழுபதுகளில் செய்தது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முன்னூறு லாரி கட்டியவனுக்கு ஒரு பலகை பெரிய விஷயமா என்று வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஒயர்களை மாற்றினேன், துருப்பிடித்த திருகுகளை மாற்றினேன். கழுத்து லேசாக வளைந்திருந்தது; அதை நிமிர்த்தும் வித்தை எனக்குப் பிடிபடவில்லை. ஆறு கம்பிக்கு நாலு முறுக்காணிதான் இருந்தது. அது வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அந்த ஆசையும் கிட்டாரோடு சேர்ந்து ஏழு வருஷம் அலமாரி மேல் படுத்திருந்தது.

மகள் சௌந்தர்யா பிரசவத்துக்கு வரப்போகிறாள், அறையைக் காலி செய்யுங்கள் என்றாள் என் மனைவி சித்ரா. 'பாதி வேலை முடிந்த பழைய கிட்டார், மீதியை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளவும்' என்று உள்ளதை உள்ளபடி எழுதிப் படத்தோடு இணையத்தில் போட்டேன். சேலத்தில் கிட்டார் பழுது பார்க்கும் மதுமதி என்ற பெண் உடனே போன் செய்து விலையும் பேசினாள்.

"ஞாயித்துக்கெழம வாரேனுங்க. ஆம்ப் கொண்டாரேன், சத்தம் வருதான்னு பாத்துப்புடலாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. வாங்க ஆள் வருகிறது என்றால் வண்டிக்கு ஒரு கோட்டு பெயிண்ட் அடித்து நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். முகப்பில் வெடித்துக் கிடந்த பழைய நிறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தேன். லாரிக்கு அடிக்கிற மஞ்சளை அடித்து, ஓரத்தில் பச்சைக் கோடும் இழுத்தேன். பின்பக்கத்தைத் தொடுவதற்குள் ஞாயிறு வந்துவிட்டது.

மதுமதி வந்தாள், பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"என்னங்க இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க? அந்தப் பழைய பெயிண்டுக்காகத்தானுங்க ஓடியாந்தேன். பழைய கிட்டாருக்கு அதுதானுங்க மதிப்பே, ஒருக்கா போச்சுன்னா திரும்ப வராதுங்க."

"அழுக்குப் பெயிண்டோட எவனாச்சும் பொருள விப்பானா அம்மிணி?" என்று குரலை உயர்த்தினேன். சொல்லி முடிப்பதற்குள் வெட்கமாகிவிட்டது. ஏழு வருஷம் பொறுத்தவன் இன்னும் நாலு நாள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "வேண்டாம்னா பரவால்ல சாமி. சத்தம் மட்டும் வருதான்னு பாத்துச் சொல்லிட்டுப் போ."

அவள் கிட்டாரைத் திருப்பினாள். பின்பக்கம் பழைய நிறம் அப்படியே இருந்தது. மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். லாரிக்குக் கட்டுகிற மாதிரியே ஒயர்களை வரிசையாகக் கட்டி வைத்திருந்தேன்.

"இது யாருங்க கட்டுனது?"

"நாந்தான்."

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க," என்றாள், மனசில்லாமல்.

கொண்டுவந்த ஆம்ப், அந்த ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் சொருகிக் கம்பியைத் தட்டினாள். முதலில் கரகரவென்று இரைந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சன்னல் கம்பியும் சேர்ந்து அதிர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து சித்ரா எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அதுங்களா இது?" என்றாள்.

மதுமதி இன்னும் இரண்டு முறை தட்டினாள். அவள் முகமும் தெளிந்துவிட்டது.

"எடுத்துக்கறனுங்க. ஆனா பேசுன வெலையில பாதிதான். மீதி வேலைய நான் பாத்துக்கறேன், நீங்க இனிமே தொடப்படாது."

இரண்டுக்கும் சம்மதித்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நானே தூக்கிப் போனேன். சேலம் பஸ்ஸில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். எங்கள் பட்டறையிலிருந்து எது கிளம்பினாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் அனுப்பியதில்லை. கிட்டாருக்குச் சக்கரம் ஏது? சட்டைப்பையில் கொண்டுவந்த பழத்தை, குனிந்து பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் வைத்தேன்.

டிரைவர் தலையை நீட்டினார். "ஏனுங்க, இது பழைய பஸ்ஸுங்க."

"தெரியுமுங்க. உள்ள நம்ம வண்டி ஒண்ணு ஏறியிருக்குது. மெதுவா எடுங்க."

அவர் மெதுவாகத்தான் எடுத்தார்.