டிராக்டர் குடித்த புளி

எங்கள் டிராக்டருக்கு மூன்று சொந்தக்காரர்கள். என் அப்பா மாரப்பன், அவருடைய அண்ணன் கருப்பண்ணன், என் அம்மாவின் தம்பி மாதப்பன் மாமா. ஓசூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பத்து வருடம் மாடாய் உழைத்துத் தேய்ந்துபோன வண்டியை மூன்று பேரும் சேர்ந்து வாங்கினார்கள். ஓடினால் அது மூவருடைய வண்டி. நின்றுபோனால் மற்ற இரண்டு பேருடைய வண்டி.

1973 ஆனி மாதம் அது கொதிக்க ஆரம்பித்தது. மூன்று சால் உழுததும் ரேடியேட்டர் மூடி வழியாக ஆவி சீறும். ஓட்டுகிற மாதப்பன் மாமா இறங்கிப் போய் வேப்பமரத்தடியில் பீடி பற்றவைப்பார். வண்டி ஆறினால் இன்னொரு மூன்று சால், இன்னொரு பீடி. எட்டு ஏக்கரையும் இப்படி உழுது முடிப்பதற்குள் பொங்கல் வந்துவிடும், மாமாவின் நெஞ்சும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. செம்மண் காடு. ஈரம் மிஞ்சினால் வியாழன் வரை நிற்கும். அதற்குள் நிலக்கடலை விதைத்தாக வேண்டும். டிராக்டர் வந்த பெருமையில் எங்கள் வீட்டு உழவு மாடுகளைப் பென்னாகரம் சந்தையில் விற்றாகிவிட்டது. ஊரில் மற்றவர்களுடைய மாடுகள் அவரவர் காட்டில் இருந்தன.

இதில் எனக்கு என்ன என்றால், கோயம்புத்தூரில் பி.எட். படிக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டால் போக வேண்டியதுதான். அவர் படிவத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடலை விதைத்தால் படிப்பு, விதைக்க முடியாவிட்டால் பாலக்கோட்டு மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டார். அந்த மாப்பிள்ளைக்குப் பெண் பட்டதாரியாக இருப்பதில் ஆட்சேபணை ஒன்றும் இல்லையாம். அதை வெளியே சொல்லிக்கொண்டு திரியாமல் இருந்தால் போதுமாம்.

எங்கள் ஊரில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராமக்காள், பி.எஸ்சி., வேதியியல். அந்த வேதியியலை வைத்து என் வீட்டார் என்னிடம் வாங்கிய வேலை, தாலுக்கா ஆபீசுக்கு மனு எழுதுவதும் கல்யாணப் பத்திரிகையில் பிழை திருத்துவதும்தான்.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் வண்டியைச் சுற்றி நின்று ஆலோசனை செய்தார்கள். கண்ணேறு என்றார் பெரியப்பா. வயசு என்றார் மாமா. அப்பா டயரை ஓர் உதை விட்டார், டயரில் ஏதோ கோளாறு போல. நான் போய், உள்ளே சுண்ணாம்பும் துருவும் படிந்து தண்ணீர் போகிற வழி அடைத்திருக்கிறது என்றேன். நம் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகிறதா, வெந்நீர் வைக்கிற தவலையில் வெள்ளையாக ஓடு கட்டுகிறதா இல்லையா, அதே தண்ணீரைத்தானே ஐந்து வருடமாக இதற்குள்ளும் ஊற்றிக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“வண்டி என்ன பருப்பா, வேவறதுக்கு?” என்றார் அப்பா.

மாமா மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார். அடைப்பு என்றால் பேட்டரி ஆசிட்டை ஊற்றினால் அறுத்துக்கொண்டு போய்விடும் என்றார். சுண்ணாம்பின் மேல் அது பட்டால் கரையாத படிவாக உட்கார்ந்துகொள்ளும், அறுத்துக்கொண்டு போவது இன்ஜினின் இரும்பாகத்தான் இருக்கும் என்று விளக்கினேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்ஜினுக்குச் செலவு வைக்க யாரும் தயாராக இல்லை. தருமபுரி மெக்கானிக்கும் பத்து நாள் கழித்துத்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் ஸ்பேனர் என் கைக்கு வந்தது. என் பட்டத்தால் அல்ல.

ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை. மூடி வரை தண்ணீர் நிற்கிறது, அடியில் திறந்தால் வரவில்லை. குடைக்கம்பி ஒன்றை உள்ளே விட்டுக் குத்தினேன். முதலில் செங்கல் நிறத்தில் துரு வந்தது. இது நான் எதிர்பார்த்தது. அப்புறம் மஞ்சளாக வந்தது. எதிர்பார்க்காதது. பிறகு கருஞ்சிவப்பாக, கொழகொழவென்று, கட்டிகட்டியாக ஏதோ இறங்கித் தட்டில் விழுந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

களி. நல்ல கேழ்வரகுக் களி. கொஞ்சம் பழசு.

யார் என்று கேட்டேன். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். போன வருடம் ரேடியேட்டர் லேசாக ஒழுகியதாகவும், ஒரு பிடி கேழ்வரகு மாவு போட்டால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்று பொம்மிடி லாரிக்காரர் ஒருவர் சொன்னதாகவும் மெதுவாகச் சொன்னார். ஒரு பிடியா என்றேன். ஒரு படி என்றார். அப்படியானால் மஞ்சள்? மாமா பீடியை அணைத்தார். மஞ்சள் தூள் போட்டால் அடைக்கும் என்று அவரிடம் சொன்னது வேறொரு லாரிக்காரராம். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல், அவரவருக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்து, வண்டி என்னால்தான் ஓடுகிறது என்று தனித்தனியாகப் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

“நான் ஒண்ணும் போடல” என்றார் அப்பா, யாரும் கேட்காமலே.

அதே நேரத்தில் குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக இழைகள் இறங்கின. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அம்மா குனிந்து ஓர் இழையை விரலில் எடுத்து நசுக்கினார். என் அம்மா சென்னம்மாள் நிறையப் பேசுகிறவர் இல்லை.

“முட்டை” என்றார். “எத்தினி முட்டைங்க?”

அப்பா நான்கு விரலைக் காட்டினார். சூட்டில் முட்டை வெந்து ஓட்டையை அடைக்கும் என்று எங்கோ கேட்டிருக்கிறார்.

“மாசி மாசம் பூரா நான் கீரிப்புள்ளய திட்டிக்கிட்டுக் கெடந்தேன்” என்றார் அம்மா. “அது பாவம், எந்த வேலியில உக்காந்து கேட்டுதோ.”

எங்கள் வீட்டில் புளிக்குப் பஞ்சம் இல்லை. காட்டு வரப்பில் ஏழு மரம். ஆனால் கொட்டை எடுத்துச் சட்டியில் அடைத்து வைத்த வருடத்துப் புளி முழுக்க அம்மாவின் ஆட்சியில் இருந்தது. கையளவு கேட்டாலே எதற்கு என்று விசாரிப்பார். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவது போல ரேடியேட்டரைத் துலக்க வேண்டும், இரண்டு சட்டிப் புளி வேண்டும் என்று நான் கேட்டிருந்தால் வழக்கமாக வீட்டில் போர் நடந்திருக்கும். அன்றைக்கு முட்டை விவகாரத்தின் சூடு தணியவில்லை. அம்மாவே போய்ச் சட்டிகளைத் தூக்கி வந்தார்.

“ஊத்து. இந்த வருசம் ரசம் கேக்கட்டும், பாத்துக்கறேன்.”

களியைக் கரைக்க முதலில் சலவைச் சோடா. கொதிக்கும் நீரில் கலந்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு இறக்கியதில் மீதிச் சமையல் எல்லாம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை காலை கல்யாண அண்டாவில் புளியைக் கொதிக்க வைத்து, பழைய புடவையில் வடிகட்டி, ரேடியேட்டர் நிறைய ஊற்றினேன். அரை மணி நேரம் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ஆறவிட்டு, திறந்துவிட்டேன். முதல் தடவை சேறு. இரண்டாம் தடவை துருவோடு சுண்ணாம்புச் செதில்கள், மீன் செதில் மாதிரி. மூன்றாம் தடவை ஊற்றிய புளித்தண்ணீர் கிட்டத்தட்ட ஊற்றிய நிறத்திலேயே வெளியே வந்தது. தெரு முழுக்கக் குழம்பு மணம். மூன்று வீட்டுப் பெண்கள் வந்து, என்ன விசேஷம், எங்களுக்கு மட்டும் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

மிச்சப் புளிப்பு இரும்பைத் தின்னாமலிருக்கச் சோடாத் தண்ணீரால் அலசிவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பச் சொன்னேன். பெரியப்பா கிணற்றுக்குக் கிளம்பினார். கிணற்றுத் தண்ணீர் கூடாது, ஏரியில் நிற்கிற மழைத்தண்ணீர் வேண்டும் என்றேன். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரை விட்டுவிட்டுக் கலங்கல் தண்ணீரா என்று அவருக்கு ஆத்திரம். கலங்கலைத் துணியில் வடிகட்டலாம், கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பை எந்தத் துணியிலும் வடிகட்ட முடியாது என்று சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார். நான்கு குடம் சுமந்து வந்து ஊற்றினார்.

ஊற்றிய தண்ணீர் ஐந்து இடத்தில் ஒழுகியது.

அழுக்குதான் ஓட்டைகளை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வண்டி மூன்று சாலாவது ஓடிக்கொண்டிருந்தது, படித்தவள் சுரண்டி அதையும் கெடுத்தாள் என்றார் பெரியப்பா. அப்பா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பாலக்கோட்டுக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று மாமாவிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். நான்கு போல்ட்டையும் கழற்றி ரேடியேட்டரை இறக்கினேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு பென்னாகரம் போனேன். மேலே போடச் சொன்னார் கண்டக்டர். மாட்டேன் என்றேன். முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த ஊர் விருந்து என்று கேட்டார்.

பென்னாகரம் கடைத்தெருவில் சர்தார் பாய் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார், பற்றவைப்பார். ரேடியேட்டரைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இது மாதப்பன் வண்டியோடதுதானே? போன கோடையில கொண்டாந்தாரு. இந்த அழுக்குல ஈயம் புடிக்காது, சுத்தம் பண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிச்சேன். அப்புறம் ஆளே வரல. யாரும்மா தொலக்குனது?”

“நாந்தாங்க பாய்.”

“எதுல?”

“புளியில.”

அவர் கொஞ்ச நேரம் சிரித்தார். கேலி இல்லை. ஊதுலையை மூட்டி, ஐந்து ஓட்டையையும் பற்றவைத்து, நான் பார்க்காத ஆறாவது ஒன்றையும் கண்டுபிடித்து அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஊதிக் காட்டினார். ஒரு குமிழி வரவில்லை.

மத்தியானம் மாட்டினோம். மாமா வண்டியைக் காட்டில் இறக்கினார். மூன்று சால் போனதும் பழக்கதோஷத்தில் தானாகவே நிறுத்திவிட்டு வேப்பமரத்தைப் பார்த்தார். ஆவி வரவில்லை. இறங்கி வந்து ரேடியேட்டரில் பயந்து பயந்து கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

“என்னா அக்கா மவளே, கை சுடல?” என்றார், ஏதோ நான் ஏமாற்றிவிட்டதைப் போல.

ஓட்டுங்க மாமா என்றேன். ஓட்டினார். பின்னாலேயே பெண்கள் கடலை போட்டுக்கொண்டு போனோம். வியாழக்கிழமை மாலை வெயில் தாழ்கிற நேரத்தில் கடைசிச் சால் மூடியது. மண்ணை அள்ளிப் பிடித்தால் இன்னும் கையில் ஒட்டியது.

அப்பா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கையை நீட்டினேன். அவர் படிவத்தை எடுத்தார், பிரித்தார், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்தார், மறுபடி மடித்தார்.

“கோயமுத்தூரு ரொம்ப தூரம் பாப்பா. நீ போயிட்டா வண்டிய யாரு பாக்கறது?”

திங்கட்கிழமை, வண்டி என்ன பருப்பா என்று கேட்டவர். எனக்கு வந்த கோபத்தில் கடலைக் கூடையைக் கீழே வைத்தேன்.

“பாலக்கோட்டுக்குக் கட்டிக் குடுக்கறேன்னீங்களே, அப்ப வண்டிய யாரு பாப்பாங்கன்னு தோணலியா?”

அம்மா கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, பொழுது போவுதுங்க, சீக்கிரம் போட்டுக் குடுங்க என்றார். யாரிடமும் பேனா இல்லை. விதைக் கணக்குக்கு மாமா காதில் செருகியிருந்த பென்சிலை அப்பா கேட்டார். பென்சில் செல்லாது என்றேன். எட்டு ஏக்கரையும் தாண்டி வீட்டுக்கு நடந்து போய், என் பேனாவை என்னிடமே வாங்கி, நின்றபடியே எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணலாக இருந்தது. செல்லும்.