தவக்காலத்தில் வந்த கரி அடுப்பு

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றுதான் அந்தக் கறுப்பு உருண்டை அடுப்பு கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. மூடி போட்ட கரி அடுப்பு. அதில் கோழியை முழுசாகச் சுடலாம் என்று என் கணவர் சகாயராஜ் ஒரு வருஷமாகப் பினாத்திக்கொண்டிருந்தார். ஈஸ்டர் வரை வீட்டில் கறி கிடையாது என்பதை மறந்து ஆர்டர் போட்டிருக்கிறார்.

"நாப்பது நாளைக்கு இதுல என்னத்தச் சுடுவீங்க, உங்க தலையையா?" என்றேன்.

"கத்திரிக்கா இருக்குதுல்ல ஜாக்குலின்" என்றார்.

தினமும் சாயங்காலம் கொட்டாங்குச்சிக் கரியைப் பற்றவைப்பார். மூடியின் காற்றுத் துளையை எவ்வளவு திறந்தால் எவ்வளவு சூடு என்பதைக் கத்திரிக்காயை வைத்தே கற்றுக்கொண்டார். முதல் வாரம் கரிக்கட்டை தின்றோம். நாலாவது வாரம் தோல் மட்டும் கருகி, உள்ளே வெண்ணெயாக வெந்திருந்தது. புளியும் பச்சைமிளகாயும் போட்டுக் கடைந்தேன். சட்டியெல்லாம் புகை மணம். நான் வாயைத் திறந்து பாராட்டவில்லை. அவர் பார்க்காதபோது இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

ஈஸ்டரன்று கோழி பொன்னிறமாக வெந்து இறங்கியது. வந்த சொந்தமெல்லாம் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. நான் போய், கரி அணைவதற்குள் நாலு கத்திரிக்காயை உள்ளே வைத்து மூடினேன்.

அவர் வியந்து பார்த்தார்.

"கோழி அவங்களுக்குங்க" என்றேன். "இது எனக்கு."