திரும்பிப் பார்த்த நாற்றம்

வெர்னா நான்கிவெல் போகச் சொன்னால் எந்த வீட்டு நாற்றமும் எழுந்து போய்விடும். கடற்கரை ஊரான போர்ட் டிரெவினில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. தச்சன் கதவைச் சரிசெய்வான், வெர்னா நாற்றத்தை அனுப்புவாள், அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுப்போன நண்டு ஓட்டு வீச்சம், ஈர நாய் வாடை, மெத்தைக்குள் பதுங்கிய சிகரெட், எல்லாம் அவள் பேச்சைக் கேட்டன. கிண்ணத்தில் வினிகர் வைப்பாள், கம்பளத்தில் சமையல் சோடா தூவுவாள், மூலைக்கு மூலை தட்டில் கரி வைப்பாள். அதெல்லாம் வீட்டுக்காரர்களின் திருப்திக்கு. கடைசியில் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "சரி, கிளம்பு" என்பாள். நாற்றம் எழுந்து வெளியே போய், தெருவோடு நடந்து, கடலுக்குள் நீளும் மரப்பாலத்தின் கடைசிக்குப் போய்க் கடலில் குதித்துவிடும். ரொட்டி வாங்கப் போகிறவர்கள் ஆட்டு மந்தைக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி வழிவிடுவார்கள். நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமைகளில் தெருவில் வரிசையே நிற்கும். தபாலாபீஸ்காரி அன்று மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

அந்த வருஷம் பார்லி அமோகம். பார்லி அமோகமானால் எலியும் அமோகம். ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை, விடுமுறை வீடுகளுக்குச் சாவி கொடுக்க வேண்டிய அவசரத்தில் வெர்னா பறந்துகொண்டிருந்தபோது மகள் டாம்சின் வழிமறித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தென்கோளத்து இலையுதிர்காலம் தொடங்கியும் கோடை இன்னும் போகாத வெயில். வீட்டில் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. தவழக் கற்ற பேரன் ஜோரி சமையலறைத் தரையில் ஒரு கரண்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"அம்மா, அடுப்புப் பக்கம் அழுகின முட்டை மாதிரி நாறுது. இவன் வேற தரையிலயே கிடக்கான்."

"எலிடி. சுவத்துக்குள்ள செத்திருக்கும். இந்த வருஷம் எந்த வீட்ல எலி சாகல?"

"டென்சில்கிட்ட சொன்னேன். உங்கம்மா இருக்கறப்போ எனக்கென்ன வேலைன்னு லாரி ஏறிட்டான்."

"உன் புருஷன் பார்லி லாரி ஓட்டப் பிறந்தவன். மூக்கு அவனுக்குக் கண்ணாடி மாட்டத்தான்."

வெர்னா பின்கதவைத் திறந்து "கிளம்பு" என்றாள். நாற்றம் கிளம்பவில்லை. அவள் வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை அதட்டினாள். அப்போதுதான் அது அடுப்படியிலிருந்து மெதுவாக எழுந்தது. வாசல்வரை போய் நின்று, திரும்பிப் பார்த்தது. அடுப்பை, குழந்தையை, கடைசியாக வெர்னாவை. நாற்றத்துக்கு முகம் ஏது என்று கேட்பவர்கள் எந்த நாற்றத்தையும் நேருக்கு நேர் சந்திக்காதவர்கள். வெர்னாவுக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது. ஆனால் சாவிகள் கையில் குலுங்கின. அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

அதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேஜையையே திரும்பத் துடைத்தாள். தேநீர் போட்டாள், குடிக்க மறந்தாள். வழியில் யாராவது பேசினால் பாதியில் திரும்பித் தெருக்கோடியைப் பார்த்தாள். டாம்சின் வீட்டு நாய் வாசலைத் தாண்டி உள்ளே போக மாட்டேன் என்று வேலியோரம் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது, வெயிலுக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பெரிய வெள்ளியன்று மீன்பிடிக்கிற கிழவர் கிளெம் ஹாஸ்கிங் புகாரோடு வந்தார்.

"வெர்னா, உன் ஆளு பாலத்துக் கடைசில நிக்கிறான். குதிக்கவும் மாட்டேங்கிறான், போகவும் மாட்டேங்கிறான். ஒரு மீன் கிட்ட வரல."

"தானா குதிச்சிடும், விடுங்க கிளெம்."

"பிடிச்சுத் தள்ளிடலாம்னு பார்த்தேன். எங்க பிடிக்கிறது?"

சனிக்கிழமை நடுப்பகலில் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து வீசியது. கடலிலிருந்து நேராக ஏறி வந்த குளிர். தெரு நெடுக ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடும் சத்தத்தை, மேட்டிலிருந்த ஒரு விடுமுறை வீட்டு முற்றத்தில் போர்வை உதறிக்கொண்டிருந்த வெர்னா கேட்டாள். அந்த நேரம் கேஸ் லாரிக்காரன் காலின் ராடா அங்கே காலி சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஊருக்குக் குழாய் கேஸ் கிடையாது. எல்லோருக்கும் சுவரோரம் நிற்கும் இந்தச் சிலிண்டர்கள்தான்.

"வெர்னா, இங்க வந்து மோந்து பாரு. என் சிலிண்டரெல்லாம் ஊமையாயிடுச்சு."

"என்ன ஊமை?"

"கழட்டும்போது ஒரு வீச்சு அடிக்கணும். வியாழக்கிழமையிலிருந்து ஒண்ணும் இல்ல. கேஸுக்குன்னு சொந்த வாசனை கிடையாது, தெரியுமில்ல? அழுகின முட்டை நாத்தத்தை வேணும்னேதான் கலக்குறாங்க, கசிஞ்சா நமக்குத் தெரியட்டும்னு. இப்ப ஊர்ல எங்க கசிஞ்சாலும்..."

போர்வை அவள் கையிலிருந்து நழுவியது. "காலின், டாம்சின் வீட்ல முட்டை நாத்தம் ஒண்ணு இருந்தது. எலின்னு நினைச்சு நான்தான் விரட்டினேன்."

வெர்னா போனை எடுத்தாள். காலின் பிடுங்கினான். "போன் அடிக்காதே! கதவெல்லாம் மூடியிருப்பா. கேஸ் தரையோட படுத்துக் கிடக்கும். போன் மணியில ஒரு பொறி பறந்தா போதும்."

தரையோடு. ஜோரி தவழ்கிற தரையோடு. வெர்னா ஓடினாள்.

மேட்டு வளைவில் வந்தபோது கீழே டாம்சினின் சமையலறை ஜன்னல் தெரிந்தது. பிசைந்த மாவும் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மேஜையில் இருந்தன. ஈஸ்டருக்கு இறைச்சி அடைத்த பாஸ்டி சுடுகிறாள். டாம்சின் அலமாரிமேல் கைநீட்டித் தீப்பெட்டியை எடுத்தாள். வெர்னா கத்தினாள். தெற்குக் காற்று அந்தக் கத்தலை வாயிலிருந்து பிடுங்கி வயலுக்குள் எறிந்தது. இன்னும் ஒரு தெரு முழுக்க பாக்கி. ஐம்பத்தெட்டு வயசுக் கால்கள் எவ்வளவு ஓடும்? டாம்சின் அடுப்பின் முன் குனிந்தாள்.

வெர்னா நின்றுவிட்டாள். கடல்பக்கம் திரும்பினாள். மரப்பாலத்தின் கோடியைப் பார்த்து, வாழ்நாளில் எந்த நாற்றத்திடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"வா! தப்பு என்னோடதுதான். திரும்பி வா!"

பாலத்துக் கடைசியில் இரண்டு நாளாக நின்றது அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நின்றதுபோல. கிளெமின் தொப்பி பறந்தது. கடற்காக்கைகள் ஒரே மொத்தமாக எழுந்தன. காற்றை முந்திக்கொண்டு அது தெருவில் ஓடியது. ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். வெர்னாவையும் தாண்டியது. டாம்சினின் கதவு பூட்டியிருந்ததால் சாவித்துவாரம் வழியாக நுழைந்தது.

தீக்குச்சியைப் பெட்டியின் உரசும் பக்கத்தில் வைத்தாயிற்று. அப்போது டாம்சின் மூக்கைச் சுளித்தாள். அடுத்த நொடி குச்சி தரையில், குழந்தை இடுப்பில், அவள் வாசலுக்கு வெளியே. கரண்டி மட்டும் ஜோரியின் கையிலேயே இருந்தது.

காலின் வந்து சுவரோரத்து வால்வை மூடினான். கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு, வீடு தன்னை உதறிக்கொள்ளும்வரை எல்லோரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். பிறகு வால்வைத் துளி திறந்து, அடுப்புக்குப் பின்னால் சோப்பு நுரை பூசினான். எலி கடித்த கேஸ் டியூபில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது.

"அம்மா, நீ விரட்டினதுதானே இது?" என்றாள் டாம்சின்.

"ஆமாடி."

"இனிமே என் வீட்டுப் பக்கம் சோடா டப்பாவோட வந்தே, பாரு."

நாற்றம் அடுப்படியில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தது. புது டியூப் மாட்டியதும் அதுவே நடந்து போய், நாய் கூண்டுக்குள் போவதுபோலச் சிலிண்டருக்குள் புகுந்துகொண்டது. அன்று மாலைக்குள் ஊரிலுள்ள எல்லாச் சிலிண்டர்களுக்கும் குரல் திரும்பியது. கிளெமுக்கு மீன் கிடைத்தது.

அதன்பின் வருஷங்கள் போயின. ஜோரி நடந்தான், பள்ளிக்கூடம் போனான், கரண்டியைத் தொலைத்தான். வெர்னா இன்றும் நாற்றங்களை அனுப்புகிறாள், கட்டணமும் அதேதான். ஆனால் "கிளம்பு" என்பதற்கு முன்னால் "என்ன விஷயம்?" என்று கேட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறாள். பெரும்பாலானவற்றுக்கு ஒரு விஷயமும் இருப்பதில்லை, போய்விடுகின்றன. ஏதாவது ஒன்று எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் காலினுக்கு ஆள் போகும். அவன் ஏன் என்று கேட்காமல் சோப்புத் தண்ணீரோடு வருவான். தெற்குக் காற்று வீசும் நாட்களில் டாம்சின் வீட்டு நாற்றம் மட்டும் நிலைகொள்ளாமல் வெளியே வந்து, அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, டியூபை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுக்கும். அது படுத்த பிறகுதான் அந்த வீட்டில் தீக்குச்சி உரசுவார்கள்.