சில சிறிய மேம்பாடுகள்

எனக்குத் திக்குவாய். இப்போதெல்லாம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் பரிதாபப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் பாருங்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸ் தேய்ப்பது, ஃபிரேமில் பொருத்துவது, பவர் சரிபார்ப்பது எல்லாம் நான். முன்னால் உட்கார்ந்து வாய் வலிக்கப் பேசுவது என் தம்பி. எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய மொத்தப் பேச்சையும் அவன் ஒருவனே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டான்.

ஆனால் இணையத்தில் என்னிடம் வாய்கொடுத்து மீண்டவர் கிடையாது. ஒரு சமூகத் தளத்தில், திக்கிப் பேசுகிறவர்களுக்கென்று குழு நடத்துகிறேன். நானூறு பேர் இருக்கிறோம். எல்லோருக்கும் புனைபெயர்தான், என் பெயர் கத்தரி. அங்கே யார் திக்குவதும் யாருக்கும் கேட்காது. பத்துத் தடவை எழுதிப் பத்துத் தடவை அழித்தாலும், அனுப்பும்போது வாக்கியம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுசாகப் போய் நிற்கும். அந்தச் சுகத்துக்காகத்தான் அங்கே கிடக்கிறோம்.

குழுவில் தூறல் என்று ஒரு சின்னப் பெண். கெட்டிக்காரி. மூன்று நேர்முகத் தேர்வுகளில் தன் பெயரைச் சொல்லும் இடத்திலேயே சிக்கி, பாதியில் எழுந்து வந்தவள். நான்காவது தேர்வு ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில், வியாழக்கிழமை. இதுவும் போனால் மாமாவின் கிடங்கில் பெட்டி கட்டப் போய்விடுவேன், அங்கே யாரோடும் பேச வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண் அவள். அதுதான் எனக்குப் பயம்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் எனக்குத் தனியாக எழுதினாள். "அக்கா, நாளான்னைக்கு இன்டர்வியூ. எனக்குக் கிடைக்குமா? உண்மையச் சொல்லுங்க."

நான் தட்டினேன்: "கஷ்டம்தான். பேர் கேட்டதும் மாட்டிக்குவ. மறைக்கப் பாக்குறதாலதான் மாட்டுற. உள்ள போனதுமே சொல்லிடு, எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கன்னு."

படித்துப் பார்த்தேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நானே அதுவரை ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை, இவளுக்கு மட்டும் என்ன உபதேசம்? முழுவதையும் அழித்தேன். "கண்டிப்பா கிடைக்கும். கலக்கிடுவ பாரு" என்று அனுப்பிவிட்டு லென்ஸ் தேய்க்கப் போய்விட்டேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை.

மறுநாள் காலை குழுவைத் திறந்தால், பம்பரம் என்ற பெரியவர் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. "உனக்கு அறிவு இரு" என்பதுவரை வந்து நின்றன. அப்படியே பின்னால் போய் மறைந்தன. அந்த இடத்தில், "ஐயா, தங்கள் கருத்தை மதிக்கிறேன்" என்று முளைத்தது. சிரித்துவிட்டேன். பாதிச் சிரிப்பில்தான் உறைத்தது. அவர் அழித்தது எனக்குத் தெரிகிறது என்றால், நான் அழித்தது தூறலுக்கும் தெரிந்திருக்கும்.

தம்பியின் கைபேசியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னுடையதிலிருந்து அதற்கு எழுதி அழித்துச் சோதித்தேன். சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை வந்த புதிய பதிப்பின் குறிப்பைத் தேடிப் பிடித்தேன். "உங்கள் உரையாடல்கள் இனி மேலும் உயிரோட்டமாக இருக்கும். மேலும் சில சிறிய மேம்பாடுகள்." இவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். நானூறு பேரின் உள்ளாடையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அதற்குப் பெயர் உயிரோட்டமாம்.

தளத்தாருக்குக் கடிதம் எழுதினேன். "என் கடையில் புதுப் பவரில் கண்ணாடி கொடுக்கும்போது, ரெண்டு நாளைக்குத் தரை கிட்டத்தில் தெரியும், படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு அரை நிமிடம் ஆகிறது. இருந்தும் சொல்கிறேன். உங்களுக்கு என்ன கேடு?" உடனே பதில் வந்தது: "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி." கடிதத்தை எந்த மனிதரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

தூறலுக்கு மூன்று செய்தி அனுப்பினேன். அவள் எதையும் திறக்கவில்லை. குழுத் தலைவியின் அறிவிப்பு மட்டும் எல்லோருடைய கைபேசியிலும் திறக்காமலே வந்து விழும். சரி, அவர்கள் எழுதாத குறிப்பை நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

"திங்கட்கிழமையிலிருந்து ஒரு மாற்றம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும், அழிப்பதையும், எதிரில் இருப்பவர் அப்போதே பார்க்கிறார். இது பழுதல்ல, தளம் நம்மைக் கேட்காமல் கொடுத்த வசதி. நிறுத்த வேண்டுமானால் அமைப்புகளில் உரையாடல் என்ற பகுதிக்குப் போங்கள். மூன்றாவது பக்கத்தின் அடியில் 'நேரடித் தட்டச்சு' என்று இருக்கும். நான் நிறுத்திவிட்டேன். இந்த இரண்டு நாளில் நீங்கள் பார்த்ததெல்லாம் உங்களிடம் பேசியவர்களே எழுதியது. செவ்வாய்க்கிழமை நான் ஒருவருக்கு எழுதி அழித்ததுதான் என் பதில். அனுப்பியது மழுப்பல்."

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த தம்பி உச்சுக்கொட்டினான். "கடைசி ரெண்டு வரி எதுக்குக்கா? நானூறு பேர் பாப்பாங்க. உன் மானம்தான் போகும்."

"எ... என் மானம் போனா வரும்," என்றேன். "அவளுக்கு வியாழக்கிழமை போனா வராது."

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஒரு லென்ஸை அதிகமாகத் தேய்த்துக் கெடுத்தேன். பதினொரு மணிக்கு இன்னொன்று. தம்பி எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போனான். அவன் பேசாமல் ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டேகாலுக்குச் செய்தி வந்தது.

"அக்கா, இப்பதான் வெளில வந்தேன். செவ்வாய்க்கிழமை எழுத்து வந்து வந்து மறையவும், போன் கெட்டுப்போச்சா, யாராவது உள்ள பூந்து கேலி பண்றாங்களான்னு ஒண்ணும் புரியல. போக வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். நேத்து உங்க அறிவிப்பப் பாத்தப்புறம்தான் எழுதினது நீங்கன்னு தெரிஞ்சுது. உள்ள போனதும் நீங்க அழிச்சத அப்படியே சொன்னேன். மூணு பேரும் பேனாவக் கீழ வச்சிட்டுக் காத்திருந்தாங்க. எதிர்ல கடிகாரம் இருந்துச்சு. என் பேரச் சொல்ல பதினொரு செகண்ட் ஆச்சு. முழுசாச் சொன்னேன். அப்புறம் அரை மணி நேரம் பேசினேன்."

கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கண்ணாடிக்காரிக்கே கண் தெரியாமல் போய், துடைத்துக்கொண்டு, வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அடுத்த வாரம் சொல்வாங்களாம். கிடைக்கலேன்னா அஞ்சாவது இன்டர்வியூ. மாமாகிட்ட வரலன்னு சொல்லிட்டேன். ஆனா ஒண்ணுக்கா. கலக்கிடுவன்னு அனுப்பினீங்க இல்ல, போன மூணு தடவையும் எல்லாரும் எனக்கு அதத்தான் அனுப்பினாங்க."

தளக்காரர்களை இரண்டு நாளாகத் திட்டிய திட்டெல்லாம் வாசலோடு திரும்பி என்னிடமே வந்து உட்கார்ந்துகொண்டது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. என்ன எழுதுவது என்று யோசிப்பதற்குள் அவளே மறுபடி எழுதினாள்.

"நீங்க அந்த வசதிய நிறுத்திட்டதாப் படிச்சேன். இனிமே நீங்க எத அழிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாது. அதனால அழிக்காம அனுப்புங்க."