சுருட்டு நிறம்

அந்தப் பாய்மரப் படகின் உள்ளறையில் யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது. தச்சர் பாவாடை ஐந்தரை அடிதான், அவராலும் முடியவில்லை. மூன்று வாரமாக முட்டி போட்டு, முதுகை மடக்கி, ஒரே ஒரு அலமாரிக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அறையில் இருந்தவை ஒன்பது கதவுகள். ஒன்றில்தான் மழைத்தண்ணீர் இறங்கி உளுத்துப்போயிருந்தது. ஒன்பதும் உளுத்திருந்தால் தச்சனுக்கு இவ்வளவு பாடு இல்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு ஒரே நிறம் அடித்துவிட்டுப் போயிருப்பார்.

படகு பிரிஸ்கில்லா மதாமுடையது. அதாவது, செத்துப்போன அவர் வீட்டுக்காரருடையது. தேங்காய்த்திட்டுத் துறையில் சும்மா கட்டிக் கிடப்பதை விற்றுத் தலைமுழுக வேண்டும் என்பது மதாமின் ஆசை. வாங்க வந்தவர் டோனி, பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுக் குருசுக்குப்பத்துக்குத் திரும்பியவர். படகின் பழைய போட்டோக்களைப் பார்த்தே மயங்கிவிட்டார். ஆனாலும் போனில் ஒரு கொக்கி போட்டார்:

"ஒண்ணு ரெண்டு கதவு மாத்துறோம்னு சொல்றீங்க. எது புதுசுன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன்னா படகு வேணாங்க்கா."

மதாம் ஒப்புக்கொண்டு, பாவாடையிடம் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "விக்கலைன்னா ஒம்போது கதவையும் சுரண்டிப் புதுசா பாலிஷ் போட்டுடுங்க. வேற ஆளுக்குக் காட்டலாம்."

அன்றிலிருந்து படகு விற்க வேண்டுமென்று மதாமைவிட பாவாடையின் முட்டிகள்தான் அதிகம் வேண்டிக்கொண்டன.

இடித்த பழைய வீட்டின் தேக்குப் பலகை கிடைத்தது. மரம் பொருந்தியது, நிறம் பொருந்தவில்லை. தேயிலைச் சாறு சிவந்தது. துருத்தண்ணீர் கறுத்தது. கடையில் வாங்கிய சாய டப்பாக்கள் மூன்றும் காலை வாரிவிட்டன. கடைசியில் கண்ணுக்குப் புரியாதது மூக்குக்குப் புரிந்தது. அலுப்பில் பழைய கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தபோது சுருட்டு வாடை வந்தது. மதாமின் வீட்டுக்காரர் முப்பது வருடம் இந்த அறைக்குள் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தவர். பாவாடை ஒரு கட்டுச் சுருட்டு வாங்கி ஊறவைத்து, அந்தச் சாற்றை மூன்று கை பூசி, மேலே அரக்கு பாலிஷ் இழுத்தார். காய்ந்ததும் அவருக்கே எது புதிது என்று ஒரு நொடி தடுமாறியது.

மறுநாள் காலை டோனி பார்க்க வருவதாக இருந்தது. போகும்போது மதாமிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "புதுக் கதவ மட்டும் தொட்டுடாதீங்க மதாம். இன்னும் காயணும்."

மதாம் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்.

மறுநாள் காலை பாவாடை உள்ளே இறங்கியபோது தின்னர் நெடி அடித்தது. எட்டுக் கதவுகள் தேன் நிறத்தில் பளபளத்தன. ஒன்பதாவது மட்டும் அமாவாசையாக நின்றது. மதாம் துணியும் கையுமாகக் குனிந்து நின்றார்.

"என்ன மதாம் இது?"

"வாங்குறவங்க வர்ற எடத்த அழுக்கா வெப்பாங்களா? எவ்ளோ பொக, எவ்ளோ கறை. உங்க கதவ தொடவே இல்ல பாருங்க."

பாவாடை அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மேலே டோனியின் குரல் கேட்டது.

டோனி இறங்கினார், தலையை இடித்துக்கொண்டார், சுற்றிப் பார்த்தார். சிரித்தார்.

"ஒண்ணு ரெண்டுன்னா எட்டுன்னு அர்த்தமாக்கா? நானும் இந்த ஊர்க்காரன்தான்." கறுத்த கதவைத் தட்டி, கிட்டப் போய் மோந்து பார்த்தார். "இது ஒண்ணுதான் பழசு. போட்டோவுல பாத்த நிறம். அண்ணன் சுருட்டு வாசன கூட அப்படியே இருக்குது. மத்ததெல்லாம் புதுசு. எனக்கு வேணாம்."

பாவாடை கண்முன்னே ஒன்பது கதவுகளும் சுரண்டக் காத்து நின்றன. திருப்புளியை எடுத்துக் கறுத்த கதவைக் கழற்றி, அதன் முதுகைத் திருப்பிக் காட்டினார். வெளேரென்ற பலகை, அவர் பென்சில் கோடு அழியவில்லை. பிறகு பளபளத்த ஒன்றைக் கழற்றினார். முதுகெல்லாம் கருப்பு, பித்தளைத் திருகாணியில் பச்சைக் களிம்பு.

"முசியே, நீங்க மோந்ததுதான் புதுசு."

டோனி இரண்டையும் மாற்றி மாற்றித் தடவினார். பேரம் பேசுகிறவர்தான், பேச்சு மாறுகிறவர் அல்ல.

"தோத்துட்டேன். படகு எனக்கு."

மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பாவாடை காலை நீட்டினார்.

"ஆனா அக்கா, நான் ஆசப்பட்டது இந்தக் கருப்பு நிறத்துக்குத்தான். மத்த எட்டையும் இதே மாதிரி பண்ணிக் குடுத்துடுங்க."

"அதுக்கென்ன, பாவாட இருக்காரு," என்றார் மதாம், அவர் முடிப்பதற்குள்.

டோனி மேலே ஏறிப் போனார். மதாம் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பழுப்பேறிக் கிடந்தது.

"இதுக்குள்ள பிடிக்காதீங்கன்னு முப்பது வருசம் அவர்கிட்ட சண்ட போட்டேன்," என்றார். துணியை மடித்து வைத்துவிட்டு, "கடைக்குப் போறேன். என்ன வேணும்?"

"சுருட்டு மதாம். பத்துக் கட்டு."

பாவாடை நீட்டிய காலை மடக்கி, முட்டிக்கு அடியில் சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டார்.